விளக்கு எரிந்தது, அழைப்பு போகவில்லை: படுக்கையோரத் தொடு விசை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முதியோர் இல்லம் ஒன்றில் 14 அறைகளுக்குத் தொடு விசைப் பலகை பொருத்தப்பட்டது. அதிலிருந்த உதவி அழைப்பு விசை சில வேளைகளில் யாரையும் அழைக்கவில்லை. ஏன் அப்படி ஆனது, எதை மாற்றினோம், மாற்றியபின் என்ன நடந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இல்லத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் விடப்பட்டுள்ளன. பலகையை வடிவமைத்த இருவரில் நானும் ஒருவர். கீழே வரும் தவறான தேர்வுகளில் என் கையும் உண்டு.

பின்னணி

பழைய பலகையில் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் மூன்று அழுத்து பொத்தான்கள் இருந்தன: விளக்கு, விசிறி, உதவி அழைப்பு. பொத்தானைச் சுற்றியுள்ள இடுக்கில் அழுக்கு சேரும். கிருமிநாசினி போட்டுத் துடைக்கும்போது ஈரம் உள்ளே இறங்கி, தொடுமுனைகள் கறுத்துப்போகும். இடுக்கே இல்லாத, ஒரே துடைப்பில் சுத்தமாகிற கண்ணாடிப் பலகை வேண்டும் என்று இல்லத்தார் கேட்டார்கள். கேட்டது நியாயம்.

4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிக்குப் பின்னால், விசைக்கு ஒன்றாக 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புத் தகடுகளை வைத்தோம். விரல் முழுதாகப் படிந்தால் அந்தத் தகட்டுக்கும் விரலுக்கும் இடையே உண்டாகும் மின்தேக்குத்திறன் கணக்குப்படி சுமார் 2.7 பிகோஃபாரட். விரல் நுனி மட்டும் பட்டால் இதில் ஒரு பங்குதான் கிடைக்கும். இந்தச் சிறு மாற்றத்தைக் கண்டுகொள்வதுதான் தொடு சிப்பின் வேலை. ஒற்றை விசைக்கான டிடிபி223 என்ற ஆறு கால் (இணைப்பு முனை) சிப்பை எடுத்துக்கொண்டோம். சிறு பலகையில் பொருத்திய மாட்யூலாகவே கிடைக்கும், மலிவு, 2 முதல் 5.5 வோல்ட் வரை ஓடும்.

இந்தச் சிப்பில் வெளியீடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை இரண்டு கால்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, தொட்டால் வெளியீட்டின் மின்னழுத்தம் உயர வேண்டுமா தாழ வேண்டுமா என்பதற்கு. மற்றது, விரல் இருக்கும் வரை மட்டும் வெளியீடு மாறி நிற்கும் நேரடி முறையா, ஒவ்வொரு தொடுகைக்கும் நிலை புரளும் டாகிள் முறையா என்பதற்கு. மாட்யூலில் இவை ஏ, பி என்று இரண்டு சாலிடர் இடங்களாக இருக்கும். இரண்டையும் திறந்தே விட்டால் நேரடி முறை, தொட்டால் உயரும். ஏ-யை மட்டும் இணைத்தால் நேரடி முறை, தொட்டால் தாழும். பி-யை மட்டும் இணைத்தால் டாகிள் முறை, மின்சாரம் வந்ததும் தாழ் நிலையில் தொடங்கும். இரண்டையும் இணைத்தாலும் டாகிள்தான், ஆனால் உயர் நிலையில் தொடங்கும். டாகிள் முறைக்குப் போனதும் ஏ-யின் பொருளே மாறிவிடுவதைக் கவனியுங்கள். அது தொடுகையின் திசையைச் சொல்வதை நிறுத்திவிட்டு, தொடக்க நிலையைச் சொல்ல ஆரம்பிக்கிறது.

மூன்று விசைகளுக்கும் பி-யை மட்டும் இணைத்தோம். விளக்குக்கும் விசிறிக்கும் டாகிள் இயல்பாகப் பொருந்தும். அழைப்பு விசைக்கும் அதையே வைத்ததற்கு அப்போது ஒரு காரணம் சொன்னோம்: ஒருவர் தொட்டுவிட்டுக் கையை எடுத்த பிறகும் அழைப்பு நிலைத்து நிற்க வேண்டும், பணியாளர் அறைக்கு வந்து அதே விசையைத் தொட்டு அணைக்க வேண்டும். நினைவில் வைக்கும் வேலையைச் சிப்பே செய்துவிடுகிறது, தனிச் சுற்று தேவையில்லை. அன்று அது சிக்கனமான யோசனையாகத் தெரிந்தது.

சிப்பின் வெளியீடு கம்பி வழியாகப் பணியறையில் உள்ள பலகைக்குப் போகும். அங்கே ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (சிறு கணினிச் சிப்) 14 கம்பிகளையும் பார்த்து, எது உயர்ந்திருக்கிறதோ அந்த அறை எண்ணை எரியவிட்டு மணி அடிக்கும். கம்பி தாழ்ந்தால் ‘கவனிக்கப்பட்டது’ என்று குறித்துக்கொள்ளும். நீண்ட கம்பியில் இரைச்சல் வரும் என்பதால் 2 விநாடிக்குக் குறைவான எதையும் புறக்கணிக்கும்படி எழுதியிருந்தோம். படுக்கையோரத்தில், விசைக்குப் பின்னால் ஒரு எல்இடி. அது சிப்பின் அதே வெளியீட்டிலிருந்து எரியும்.

முறையீடு

பொருத்திய மூன்றாவது வாரம் முதல் இரண்டு தரப்பிலிருந்தும் புகார் வந்தது. “கூப்பிட்டேன், யாரும் வரலை” என்றார்கள் அறையில் இருப்பவர்கள். “அழைப்பே வரலை” என்றார்கள் பணியாளர்கள். பணியறைப் பதிவு பணியாளர் பக்கமே சாட்சி சொன்னது. வயதானவர்கள், மறந்திருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. நானும் முதலில் அதை மறுக்கவில்லை. அந்த மௌனம் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ஒரு நள்ளிரவில் மூதாட்டி ஒருவர் அழைத்துவிட்டு வெகுநேரம் காத்திருந்து, பிறகு தானே எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடைகூடம் வரை வந்துவிட்டார். விழவில்லை, அடிபடவில்லை. “விளக்கு எரிஞ்சுது கண்ணு, வருவீங்கன்னு படுத்திருந்தேன். அப்புறம் பார்த்தா அணைஞ்சு கெடக்குது” என்று பணியாளரிடம் சொன்னார். விளக்கு எரிந்தது, பிறகு அணைந்தது. மறதி உள்ளவர் சொல்கிற விவரம் அல்ல அது. மறுநாள் நாங்கள் இல்லத்துக்குப் போனோம்.

கவனித்தவை

முதல் வேலையாக 2 விநாடி வடிகட்டியைப் பதிவிலிருந்து நீக்கினோம். மணி பழையபடியே அடிக்கட்டும், பதிவில் மட்டும் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் நேரத்துடன் விழட்டும் என்று மாற்றி ஒரு வாரம் விட்டோம். வந்த பதிவில், உயர்ந்து அரை விநாடிக்குள் தாழ்ந்த அழைப்புகள் கண்ணில் பட்டன. பெரும்பாலும் நான்கு அறைகளிலிருந்து. அந்த நான்கில் மூன்றில் இருப்பவர்களுக்குக் கைநடுக்கம் உண்டு.

ஒரு முதியவரிடம் அனுமதி கேட்டு, அவர் விசையைத் தொடுவதை அருகிலிருந்து பார்த்தோம். விரல் கண்ணாடியை நெருங்கும், படும், விலகும், மீண்டும் படும். அவர் ஒருமுறைதான் தொடுகிறார். கண்ணாடிக்கு அது மூன்று தொடுகை, சில நேரம் நான்கு. பார்க்கின்சன் நோயில் ஓய்வுநிலை நடுக்கம் விநாடிக்கு 4 முதல் 6 முறை இருக்கும், அதாவது ஒரு சுற்றுக்கு 170 முதல் 250 மில்லி விநாடி. இந்தச் சிப் ஓய்வில் இருக்கும்போது குறைந்த மின்செலவு முறையில் மெதுவாகப் பார்க்கும், முதல் தொடுகையைக் கண்டுகொள்ளச் சுமார் 220 மில்லி விநாடி ஆகலாம். தொடுகை கிடைத்ததும் வேக முறைக்குத் தாவி, சுமார் 60 மில்லி விநாடியில் பதில் தரும். விரலை எடுத்தபின்னும் சில விநாடிகள் அந்த வேகத்திலேயே இருக்கும். எனவே முதல் தொடுகைக்குப் பின் வரும் ஒவ்வொரு நடுக்கத்தையும் சிப் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. ஒற்றைப்படையாக முடிந்தால் அழைப்பு உண்டு, இரட்டைப்படையாக முடிந்தால் இல்லை. எங்கள் மேசையில், நடுங்காத விரல்களால், இது ஒருநாளும் தெரியவில்லை.

நடுக்கம் இல்லாதவர்களும் இரண்டு முறை தொட்டார்கள். முதல் தொடுகைக்கும் எல்இடி எரிவதற்கும் இடையில் அந்த 220 மில்லி விநாடித் தாமதம் இருக்கிறதே, அதற்குள் ‘படவில்லையோ’ என்று இன்னொரு முறை தட்டிவிடுகிறார்கள். பழைய பொத்தானில் ‘டிக்’ என்று விரலுக்கே ஒரு பதில் கிடைக்கும். கண்ணாடி எதுவும் சொல்வதில்லை. எல்இடியையும் விசைக்கு நேர் பின்னால் வைத்திருந்தோம், தொடும் விரலே அதை மறைத்தது.

அணைந்துபோன விளக்கின் புதிர் இரண்டாம் நாள் அவிழ்ந்தது. மின்சாரம் நின்று ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் பலகைகளுக்கு மின்சாரம் இல்லை. பணியறைப் பலகைக்கு மட்டும் பேட்டரி உண்டு. நாங்கள் ஒரு அறையில் அழைப்பை எழுப்பிவிட்டு மின்சாரத்தை ஒரு கணம் துண்டித்துப் பார்த்தோம். மின்சாரம் திரும்பியதும் சிப் புதிதாகத் தொடங்கியது, பி மட்டும் இணைத்திருந்ததால் தாழ் நிலையில். எல்இடி அணைந்தது. பணியறைப் பலகை கம்பி தாழ்ந்ததைப் பார்த்து ‘கவனிக்கப்பட்டது’ என்று நேரத்துடன் எழுதிக்கொண்டது. மணி ஓய்ந்தது.

அதைப் பார்த்தபோது நாங்கள் இருவரும் பேசவில்லை. அழைப்பு தொலைந்ததோடு நிற்கவில்லை, யாரோ வந்து பார்த்ததாகச் சான்றும் எழுதப்பட்டுவிட்டது. மூதாட்டியின் இரவுக்குத் திரும்பிப் பதிவைப் புரட்டினோம். அவர் அறையின் அழைப்பு ‘கவனிக்கப்பட்ட’ அதே விநாடியில் வேறு இரண்டு அறைகளின் கம்பியும் தாழ்ந்திருந்தது.

மூன்றாவது, கம்பிகளைச் சோதித்தபோது தற்செயலாகக் கிடைத்தது. ஒரு அறையின் கம்பி முனையப் பட்டையில் திருகு தளர்ந்து தொடர்பற்றுக் கிடந்தது. அந்த அறையில் விசையைத் தொட்டால் எல்இடி பளிச்சென்று எரியும், பணியறைக்கு எதுவும் போகாது. எத்தனை நாளாக அப்படி என்று சொல்ல வழியில்லை. எல்இடி சொன்னது ‘சிப் உன் விரலைக் கண்டது’ என்பதை மட்டும். அறையில் இருந்தவர் அதை ‘அவர்களுக்குத் தெரிந்துவிட்டது’ என்று படித்தார். வேறெப்படிப் படிப்பார்?

காலையில் ஈரத்துணியால் துடைக்கும்போது விசைகள் தாமாகப் புரள்வதையும் பார்த்தோம். பணியாளர்கள் அந்த நேரத்து மணியைக் காதில் வாங்காமல் இருக்கப் பழகியிருந்தார்கள்.

சிப்பின் மேல் குற்றம் எதுவும் இல்லை. டேட்டாஷீட்டில் சொன்னபடிதான் அது நடந்திருக்கிறது. அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்ற நினைவை, மின்சாரம் ஒரு கணம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும் இடத்தில் வைத்தது நாங்கள்.

முடிவுகளும் காரணங்களும்

அழைப்பு விசையை டாகிளிலிருந்து நேரடி முறைக்கு மாற்றுவதில் இரண்டாவது கருத்தே எழவில்லை. முதல் தொடுகை பட்டவுடன் பணியறைப் பலகை அழைப்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும். அதன்பின் விரல் எத்தனை முறை நடுங்கினாலும் கணக்கில்லை. பூட்டு பேட்டரி உள்ள இடத்தில் இருப்பதால் மின்சாரம் போனாலும் அழைப்பு நிற்கும். 2 விநாடி வடிகட்டியை எடுத்துவிட்டு 20 மில்லி விநாடியாக்கினோம். சிப்பே உள்ளுக்குள் வடிகட்டித் தருவதால் கம்பியின் இரைச்சலை மட்டும் தடுத்தால் போதும்.

இதற்கு முன், இரண்டு சாலிடர் இடங்களையும் இணைத்து டாகிளிலேயே உயர் நிலையில் தொடங்கவைக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. மின்சாரம் திரும்பும்போது அழைப்பு தொலையாது என்பது உண்மை. ஆனால் 14 அறையும் ஒன்றாகக் கூப்பிடும், உண்மையில் கூப்பிட்டவர் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோவார். கைவிட்டோம்.

அழைப்பை எப்படி அணைப்பது என்பதில்தான் அதிகம் வாதிட்டோம். அதே விசையை 3 விநாடி அழுத்திப் பிடித்தால் அணையட்டும் என்றார் என் சக வடிவமைப்பாளர். கூடுதல் பொருள் எதுவும் தேவையில்லை, மென்பொருள் மட்டும் போதும். இல்லத்தின் பொறுப்பாளர் அதை ஒரே வாக்கியத்தில் மறுத்தார்: “பயந்துபோனவங்க விசையைத் தொட்டுட்டு விடமாட்டாங்க, பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க.” நீண்ட தொடுகைக்கு ‘போதும்’ என்று பொருள் வைப்பது எங்களுக்கு வசதி. அவர்களுக்கு நீண்ட தொடுகை என்றால் ‘சீக்கிரம் வா’. எனவே அணைப்பதற்குக் கதவோரத்தில், கட்டிலிலிருந்து எட்டாத இடத்தில், ஒரு சாதாரண அழுத்து பொத்தான் வைத்தோம். பணியாளர் அறைக்குள் வந்தால்தான் அதைத் தொட முடியும்.

அடுத்து வெளியீட்டின் திசை. பழைய அமைப்பில் கம்பி அறுந்தாலும் யாரும் அழைக்காவிட்டாலும் பணியறைக்கு ஒரே தோற்றம்தான். அதைத் தலைகீழாக்கினோம். ஏ-யை மட்டும் இணைத்தால் ஓய்வில் வெளியீடு உயர்ந்து நிற்கும், தொட்டால் தாழும். அந்த உயர் நிலையைக் கொண்டு ஒரு டிரான்சிஸ்டர் வழியாகப் பணியறையில் உள்ள ஆப்டோகப்ளரில் (ஒளி மூலம் சைகையைக் கடத்தும் உறுப்பு) எப்போதும் மின்னோட்டம் ஓடும்படி செய்தோம். ஓட்டம் இருந்தால் ‘எல்லாம் நலம்’. நின்றால் அழைப்பு. விரல் பட்டாலும் நிற்கும், கம்பி அறுந்தாலும் நிற்கும், பலகை செத்தாலும் நிற்கும். எது நடந்தாலும் ஒரு ஆள் அந்த அறைக்குப் போய்ப் பார்ப்பார், எங்களுக்கு வேண்டியது அதுதான்.

பல விசைகளை ஒரே சிப்பில் அடக்கி, ஐ2சி வழியாக (சிப்கள் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்ளும் முறை) படிக்கும் வகைகளையும் பரிசீலித்தோம். எம்பிஆர்121 போன்ற, 12 தகடுகளைப் பார்க்கும் தொடு சிப்களில் தொடுகை நடந்ததைச் சொல்லும் இடையீட்டுக் கால் திறந்த வடிகால் வகையைச் சேர்ந்தது: அது கம்பியைத் தாழ இழுக்கும், உயர்த்துவதை வெளியே உள்ள மின்தடை பார்த்துக்கொள்ளும். வெவ்வேறு வோல்ட்டில் ஓடும் பலகைகளை இணைக்கவும், பல சிப்களை ஒரே கம்பியில் கோக்கவும் அது மிக வசதி. ஆனால் ஐ2சி நீண்ட கம்பிக்கு ஆனதல்ல, பாதையின் மொத்த மின்தேக்குத்திறனுக்கு 400 பிகோஃபாரட் வரம்பு உண்டு. அறைக்கு அறை தனி மைக்ரோகண்ட்ரோலர் வைத்தால் முடியும். அழைப்பு என்ற ஒற்றைச் செய்திக்கு அத்தனை இடைத்தரகர்கள் வேண்டாம் என்று தோன்றியது. கேப்1188 போன்ற தொடு சிப்களில் தகட்டோடு எல்இடியை உள்ளேயே இணைத்துவிடும் வசதி இருக்கிறது, தொட்டதும் விளக்கு தானே எரியும். விளக்கு, விசிறி விசைகளுக்கு அது அழகான வசதி. அழைப்பு விசையில் அதை வைத்தால் நாங்கள் செய்த அதே பிழையைச் சிப்பே செய்துகொடுக்கும்.

விளக்கு, விசிறி இரண்டையும் டாகிளிலேயே விட்டோம். மின்சாரம் திரும்பும்போது அணைந்திருந்தால் மீண்டும் தொட்டுக்கொள்ளலாம், கேடு பெரிதல்ல.

இரண்டு செய்திகள், இரண்டு வழிகள்

பின்னூட்டத்தை அடியோடு பிரித்தோம். ‘உன் விரல் பட்டது’ என்பது ஒரு செய்தி. அதை உடனே, அந்த இடத்திலேயே, தொடு சிப்பின் வெளியீட்டிலிருந்தே சொல்ல வேண்டும். ‘உன் அழைப்பு அங்கே போய்ச் சேர்ந்தது’ என்பது வேறு செய்தி. அதைச் சொல்லும் தகுதி பணியறைப் பலகைக்கு மட்டும்தான் உண்டு. ஆகவே பணியறையிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு திரும்பு கம்பி இழுத்தோம். விசைக்கு மேலே, கை மறைக்காத இடத்தில், ஆரஞ்சு நிற விளக்கு. அழைப்பைப் பூட்டியபின் பணியறைப் பலகை அனுப்பினால் மட்டுமே அது எரியும். செலவில் பெரும்பகுதி இந்தக் கம்பிக்குத்தான் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

முதல் செய்திக்கு பஸ்ஸரை முயன்றோம். சிறிய பீசோ பஸ்ஸர்கள் பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில்தான் உரக்க ஒலிக்கும். முதுமையில் கேட்கும் திறன் குறையும்போது முதலில் போவது அந்த உயர் அதிர்வெண்கள்தான். எங்கள் பஸ்ஸரைப் பலர் கேட்கவே இல்லை, பக்கத்து அறையில் தூங்கிய பணியாளர் மட்டும் எழுந்தார். பிறகு அதிர்வு மோட்டார். அது சுழன்று வேகம் பிடிக்கவே பல பத்து மில்லி விநாடி ஆகும், சுவரோடு திருகிய கண்ணாடி அந்த மெல்லிய அதிர்வை விழுங்கிவிட்டது. கடைசியில் சிறிய சோலினாய்டு (மின்சாரம் பாய்ந்ததும் ஒரு தண்டை அசைக்கும் சுருள்) ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து ஒரு தட்டு தட்டவைத்தோம். பழைய பொத்தானின் ‘டிக்’ போல விரலுக்கும் தெரிந்தது, காதுக்கும் கேட்டது. நடுக்கத்தில் கடகடவென்று அடிக்காமலிருக்க விநாடிக்கு ஒரு தட்டுக்கு மேல் வராதபடி ஒற்றைத் துடிப்புச் சுற்று ஒன்றைச் சேர்த்தோம்.

அடுத்த யோசனை பார்வை குன்றிய ஒரு முதியவருடையது. ஆரஞ்சு விளக்கு தனக்குப் பயனில்லை என்று சொன்ன அவர், “அங்கே போய்ச் சேர்ந்ததும் இன்னொரு தரம் தட்டச் சொல்லுங்க” என்றார். அப்படியே செய்தோம். தொட்டதும் ஒரு தட்டு, பணியறை பூட்டியதும் இரண்டு தட்டு. அத்தனை நாள் வரைபடத்தோடு மல்லுக்கட்டிய எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை.

கண்ணாடியில் அழைப்பு விசையைச் சுற்றி ஒரு மெல்லிய மேடான வளையத்தையும் ஒட்டினோம், இருட்டில் கை கண்டுபிடிப்பதற்காக.

பின் நடந்தவை

முதலில் இரண்டு அறைகளில் மட்டும் பொருத்தினோம், அது நல்லதாயிற்று. சோலினாய்டு தட்டியதும் அதே விசை மறுபடி தொடுகையைக் காட்டியது, அது இன்னொரு தட்டை வரவழைத்தது. ஆளே இல்லாத அறையில் விநாடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருந்தது. சுருள் இழுக்கும் மின்னோட்டத்தில் மின்னழுத்தம் ஒரு கணம் இறங்குகிறது, சில பிகோஃபாரட்டில் கணக்குப் பார்க்கும் சிப் அதை விரல் என்று எடுத்துக்கொள்கிறது. சிப்புக்குத் தனி மின்னழுத்தச் சீராக்கி, அதன் கால்களை ஒட்டியே ஒரு மின்தேக்கி, சுருளுக்குக் குறுக்கே டையோடு என்று மூன்றும் சேர்ந்தபின் நின்றது. டையோடை நாங்கள் முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

எல்லா அறைகளிலும் பொருத்திய முதல் வாரத்தில் மின்சாரம் மாறியது, 14 அறைகளும் ஒன்றாக அலறின. மின்சாரம் போனால் ஓட்டம் நிற்கும், நின்றால் அழைப்பு என்று நாமே எழுதிய விதிதானே. காரணம் தெரியாமல் பணியாளர்கள் அறை அறையாக ஓடினார்கள். இதை முன்னரே யோசிக்காதது எங்கள் குறை. பாதிக்கு மேற்பட்ட கம்பிகள் ஒரே கணத்தில் தாழ்ந்தால் அது மின்மாற்றம் என்று கொண்டு, மின்சாரம் திரும்பியபின் 1.5 விநாடி பொறுத்துப் பார்க்கும்படி மாற்றினோம். சிப் தன்னைச் சரிசெய்துகொள்ளவே சுமார் அரை விநாடி ஆகும், அதற்குள் அதன் வெளியீட்டை நம்பக் கூடாது. அப்போதும் தாழ்ந்தே இருக்கும் அறை உண்மையான அழைப்பு. முன்பே பூட்டிய அழைப்புகள் அசையாமல் இருக்கும். அந்தச் சில கணங்களில் யாராவது புதிதாகத் தொட்டால் அது தவறிவிடும் என்பது உண்மை. ஆனால் இரண்டு தட்டு வராது, விளக்கும் எரியாது. அழைத்தவருக்கு அது தெரியும், மறுபடி தொடுவார். நாங்கள் முதலில் வைத்த கண்ணாடிப் பலகையில் அவருக்கு அது தெரிய வழியே இல்லை.

ஆரஞ்சு விளக்கை ‘மினுக்கினால் போய்ச் சேர்ந்தது, நிலையாக எரிந்தால் ஆள் கிளம்பிவிட்டார்’ என்று இரண்டு நிலைகளாக்கிப் பார்த்தோம். அதே மூதாட்டி, “ஏம்மா, மினுக்கினா கோளாறா?” என்று பணியாளரைக் கேட்டார். மறுநாளே எடுத்துவிட்டோம். எரிந்தால் அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்துப் பதிவைப் பார்த்தோம். பூட்டிய எந்த அழைப்பும் கதவோரப் பொத்தான் அழுத்தாமல் முடியவில்லை. ஒரு கம்பி தளர்ந்தபோது பணியறையில் மணி அடித்தது, போய்ப் பார்த்துத் திருகை இறுக்கினார்கள். வீண் அழைப்புகள் கூடியிருந்தன: தலையணை சாய்ந்தது, துடைக்கும் துணி பட்டது. ஒரு பணியாளர் இதைப் பற்றிக் கோபமாகவே பேசினார், அவர் நடந்த நடைக்கு அது நியாயமான கோபம். கதவோரப் பொத்தானை 3 விநாடி பிடித்தால் அந்த அறையின் அழைப்பு ஒரு நிமிடம் மட்டும் அடங்கும்படி செய்துகொடுத்தோம், துடைப்பதற்கு அது போதும். தலையணைக்கு வழி காணவில்லை. வீணாக ஒருமுறை நடப்பதா, ஒரு அழைப்பைத் தவறவிடுவதா என்றால் முதலாவதையே ஏற்பது என்று பொறுப்பாளரும் நாங்களும் பேசி முடிவெடுத்தோம்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

வெளியீட்டு முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் பயன்படுத்தப்போகிறவர்களின் கைகளைப் பார்த்திருப்பேன். ஒரு மாதிரிப் பலகையும் ஒரு பிற்பகலும் போதும். நடுக்கத்தை மேசையில் போலியாகச் செய்து பார்க்க நாங்கள் பிறகு முயன்றோம், சரியாக வரவில்லை.

விரல் எடுக்காமல் நெடுநேரம் பட்டுக்கொண்டிருந்தால் சிப் என்ன செய்யும் என்பதை வாங்கும்போதே உறுதி செய்திருப்பேன். ஏடி42கியூடி1010 என்ற தொடு சிப்பில் 60 விநாடிக்குமேல் நீடித்தால் சிப் தன் அடிநிலையை (விரல் படாதபோது உள்ள அளவு) மறுபடி அளந்து ‘தொடவில்லை’ என்று எடுத்துக்கொள்ளும். சில சிப்களில் அந்த வரம்பை நீக்கிவிடலாம். பெயரும் மாட்யூலும் ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் ரகத்தைப் பொறுத்து இது மாறும். எங்கள் 14 பலகைகளிலும் ஒவ்வொன்றாகத் தலையணை வைத்துக் கடிகாரத்தோடு உட்கார வேண்டியதாயிற்று.

தீராத ஓட்டை ஒன்று இருக்கிறது. சிப்பே உறைந்துபோய் வெளியீடு உயர்ந்தபடி நின்றுவிட்டால் பணியறைக்கு அது ‘எல்லாம் நலம்’ என்றே தெரியும். மேலே சொன்ன கியூடி1010-இல் ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் வெளியீடு 15 மைக்ரோ விநாடி மிதக்கவிடப்படும். அந்தத் துடிப்பு வந்துகொண்டிருந்தால் சிப் உயிரோடு இருக்கிறது. அடுத்த பலகைக்கு அந்த வகையையே எடுக்க எண்ணியிருக்கிறோம். இப்போதைக்கு, காலைப் பணிக்கு வருபவர் ஒவ்வொரு அறையிலும் அழைப்பு விசையை ஒருமுறை தொட்டு, இரண்டு தட்டு கேட்டபின் கதவோரப் பொத்தானால் அணைக்கிறார். தொடாமல் விட்ட அறையின் எண் பணியறைப் பலகையில் எரிந்துகொண்டே இருக்கும்.